மச்சான் பிடிக்கிற கயிறு

"அப்பனும் சித்தப்பனும் கொடி வெட்டப் போயிட்டாங்க" என்று நிமி சொன்னபோது வெள்ளிங்கிரி கஞ்சிச் சட்டியில் கை வைத்திருந்தான். அவள் அதைப் பெரிய சேதியாக ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் அப்பன் வீட்டுக்கு ஓடி, அவனை எழுப்பிவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, திரும்ப மாமன் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பது அவளுடைய தினப்படி. இன்றைக்கு அப்பன் வீட்டில் இல்லை, பாய் சுருட்டிக் கிடக்கிறது, அதைச் சொன்னாள், அவ்வளவுதான். சொன்ன கையோடு கஞ்சிக்குக் காந்தாரி மிளகாய் வேண்டும், நேற்று பாதிதான் கொடுத்தாய், இன்றைக்கு முழுசாக வேண்டும் என்று அத்தையிடம் வம்புக்குப் போய்விட்டாள். ஏழு வயது. மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, உறைக்கவே இல்லை என்று சாதிக்கிற பிள்ளை.

"எந்தக் கொடி?" என்றான் வெள்ளிங்கிரி.

"தேனுக்குத்தா மாமா. ஏணி கட்ட."

பொன்னாத்தாள் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. கஞ்சியைக் கலக்கினான். உப்பு போதுமா என்று பார்க்கிறவன்போல ஒரு வாய் எடுத்து வைத்தான்.  கொடி வெட்டப் போகிறவன் முதலில் வந்து நிற்க வேண்டிய வாசல் இந்த வாசல். வருஷா வருஷம் அப்படித்தான். நிமியின் அப்பன் தனபால் தன் தம்பி சந்துருவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்றால், அதற்கு வேறு அர்த்தம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஈச்சம்பாறைப் பதி காட்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊர், இருப்பதெல்லாம் மலசர் என்கிற பழங்குடிகளின் வீடுகள். காடு கேரளத்துக் காடு, ஆனால் உப்பு புளிக்குப் போவதென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் ஜீப் பிடித்துப் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கித்தான் போக வேண்டும். சித்திரை பிறந்தால் பதிக்கு மேற்கே இருக்கிற பெரிய பாறையின் அடிவயிற்றில் மலைத்தேன் அடை அடையாகத் தொங்கும். காட்டுக்கொடியை முறுக்கி ஏணி கட்டி, அதைப் பாறைக்கு மேலே ஒரு மரத்தில் பிணைத்து, ஒருவன் இறங்குவான். இன்னொருவன் அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடிமேல் உள்ளங்கையை வைத்தபடி, இறங்கினவன் ஏறி வருகிறவரை எழுந்திருக்காமல் இருப்பான். அதற்குக் கயிறு பிடிக்கிறது என்று பெயர். கயிறு பிடிக்கிறவன் இறங்குகிறவனுடைய பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது.

வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வயிற்றில் பிறந்தவனை நம்பாமல் மச்சானை நம்புகிறீர்களா என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பாறையில் தொங்கப் போவது அவர்கள் இல்லையே. அண்ணன் செத்தால் தம்பிக்கு அண்ணனுடைய வீடு வரும், வெட்டுக்கத்தி வரும், மீன்வலை வரும், சமயத்தில் அண்ணியும் வருவாள். மச்சானுக்கு என்ன வரும்? தாலியறுத்த தங்கச்சியும் அவள் பிள்ளைகளும் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகையால் மச்சான் கட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று தெரிந்த யாரோ ஒரு முன்னோர் போட்டு வைத்த முறை. இன்றைக்கு வரை அதை யாரும் மீறினதில்லை.

தங்கச்சி மாசாணியைத் தனபாலுக்குக் கட்டிக்கொடுத்த வருஷத்திலிருந்து வெள்ளிங்கிரிதான் அவனுக்குக் கயிறு பிடித்தான். கீழே இருக்கிறவன் பேச்சு மேலே கேட்காது, தேனீக்களின் இரைச்சல் அப்படி. எல்லாம் கை வழியாகத்தான். தனபால் கால் மாற்றி வைத்தால் வெள்ளிங்கிரியின் உள்ளங்கைக்குத் தெரியும். களைத்திருக்கிறானா, பயப்படுகிறானா, கொட்டு வாங்கிவிட்டானா, அதுவும் தெரியும். சாதாரண நாளில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. மச்சான்கள் அப்படித்தானே. ஆனால் அந்தக் கொடியில் பேசினது போதும் என்றுதான் இருந்தார்கள்.

போன ஐப்பசி மழையில் மாசாணிக்கு மஞ்சக்காமாலை கண்டது. பச்சிலை அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், கண் வெள்ளை பழுக்கவும் பயந்து ஜீப்பில் போட்டுப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். நோய் முற்றிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிதான் பார்க்க வேண்டும் என்று சொல்ல, பாலக்காட்டுக்கு வண்டியைத் திருப்பினார்கள். தலை அண்ணன் மடியில், கால் புருஷன் மடியில். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினதும் கண்ணைத் திறக்காமலே, "நிமியப் பாத்துக்க" என்றாள். அதுதான் கடைசி. அதை அண்ணனிடம் சொன்னாளா, புருஷனிடம் சொன்னாளா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருமே தனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பாவி மகள், பெயரைச் சொல்லிச் சொல்லியிருக்கக் கூடாதா.

கருமாதி முடிகிறவரை பிள்ளை அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று வந்தவள்தான் நிமி. அப்புறம் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். பொன்னாத்தாள் பெற்ற இரண்டும் தங்கவில்லை, ஒன்று வயிற்றிலேயே போனது, ஒன்று பெயர் வைப்பதற்குள் போனது. அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் என்பது நிமி வந்த பிறகுதான். மழை நாளில் அணைத் தண்ணீர் ஏறிக் கிடக்கிற ஓரத்தில் தூண்டில் போட மாமனோடு போவாள். மீன் சிக்கினால் அவளுடையது, சிக்காவிட்டால் மாமனுடைய தப்பு. காட்டில் போகும்போது காலில் ஏறுகிற அட்டையை அவளே சுண்ணாம்பு தடவிப் பிடுங்குவாள், மாமன் காலிலிருப்பதையும் பிடுங்குவாள். நூறைக்கிழங்கு தோண்டப் போனால் குழிக்குள் அவள்தான் முதலில் இறங்குவாள். சஃபாரி வண்டி வந்தால் அதில் இருக்கிறவர்கள் யானையைப் பார்க்கிறார்கள், இவள் அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்து, ராத்திரி படுக்கும்போது கதை சொல்வாள், சிவப்புத் தொப்பிக்காரி, மூக்கு நீளமான மாமா என்று. மாமனுக்கும் அத்தைக்கும் நடுவில் படுத்து, தூக்கத்தில் இருவரையும் உதைப்பாள். உதை வாங்குவதற்கென்றே வெள்ளிங்கிரி தள்ளிப் படுக்காமல் இருந்தான்.

மாசி மாசம் அவன் ஒரு காரியம் செய்தான். பதித் தலைவரான மூப்பன் காளிச்சாமியின் வீட்டு முற்றத்தில், பதி ஆட்கள் நாலு பேர் இருக்கிறபோது, தனபாலைப் பார்த்து, "புள்ளய எங்களுக்கே குடுத்துரு மச்சா" என்று கேட்டுவிட்டான். தனபால் கோபப்படவில்லை. "அவ எம் புள்ள" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் வெள்ளிங்கிரி நினைத்துக்கொண்டிருந்தான்.

கஞ்சியை அப்படியே மூடி வைத்துவிட்டு அவன் எழுந்தான். பலாமரத்தடியில் பிள்ளைகள் ஏற்கெனவே கூடிவிட்டார்கள், பள்ளிக்கூடம் லீவு. சித்திரை வந்தால் பதிப் பிள்ளைகளுக்கு ஒரே விளையாட்டுதான், தேனெடுக்கிற விளையாட்டு. கிளையிலிருந்து ஒரு கொடியைத் தொங்கவிட்டு ஒன்று இறங்கும், ஒன்று கிளைமேல் உட்கார்ந்து பிடிக்கும். நிமி இறங்குவதற்குப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். மேலே ஏறி உட்கார்ந்த யோகப்பிரியாவைப் பார்த்து, "நீ எனக்கு மச்சான்தானே? நல்லாச் சொல்லு, அப்பறந்தா எறங்குவேன்" என்றாள். யோகப்பிரியா வாயில் இருந்த மாங்காயைத் துப்பிவிட்டு, "மச்சான்தா, எறங்கு" என்றது. வெள்ளிங்கிரி அங்கே நிற்காமல் நடந்தான்.

ஓடைக்கரையில் தனபால் கொடிகளைத் தண்ணீரில் ஊறப் போட்டு, ஊறினதை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தான். சந்துரு இன்னும் வெட்ட மேலே போயிருந்தான். வெள்ளிங்கிரி எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஒரு கொடியின் நுனியை எடுத்து மடித்துப் பார்த்தான்.

"கொடி முத்தலாட்டம் இருக்குது."

"நல்ல கொடிதா."

ஓடையில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிங்கிரி கொடி நுனியைக் கீழே வைத்தான்.

"மேல யாரு உக்கார்றது?"

"சந்துரு."

"தம்பி உக்காரக் கூடாது."

தனபால் முறுக்குவதை நிறுத்தவில்லை. "எதுக்குக் கூடாதுன்னாங்க? அண்ணங்காரன் போனா அண்ணி கெடைப்பான்னு. எங்கிருக்கறா மச்சா அண்ணி?"

வெள்ளிங்கிரிக்குச் சுருக்கென்றது. அவன் அந்தப் பக்கமாக யோசித்ததே இல்லை. "அவ இல்லாட்டி என்ன, நா இருக்கறனே. நிமிக்காகவாச்சும் நாம் புடிக்கமாட்டனா?"

"அதுக்குத்தா வேண்டாங்கறேன்" என்றான் தனபால். இப்போதுதான் கையை நிறுத்தி, ஈரத்தைத் தொடையில் துடைத்துக்கொண்டு, மச்சானைப் பார்த்தான். "மாசாணி இருக்கயில நாஞ் செத்தா உனக்குக் கேடு. இப்ப நாஞ் செத்தா நிமி உனக்கு. நீயும் அக்காளும் அவளக் கண்ணுக்குள்ள வெச்சிருக்கறீங்க, பதிக்கே தெரியும். அவளக் குடுன்னு நாலு பேரு முன்னால கேட்டே. நா இல்லேன்னுட்டேன். அப்பறம் எப்பிடி மச்சா ஒங் கையில போயித் தொங்குவேன்?"

"நா விட்டுருவேங்கறயா?"

"விடுவேன்னு சொல்லல. நெனப்பு வருமுங்கறேன். மேல இருக்கறவனுக்கு அந்த நெனப்பே வரக் கூடாதுன்னுதான இந்த மொறையே." மறுபடி கொடியைக் கையில் எடுத்தான். "தேன் முடிஞ்சதும் நிமிய ஊட்டுக்குக் கூட்டிக்கறேன். கோவிச்சுக்காத."

தனபாலின் குரலில் ஒரு வெறுப்பாவது இருந்திருந்தால் வெள்ளிங்கிரி அவன் செவிட்டில் ஒன்று விட்டிருப்பான். அது இல்லாமல் போனதுதான் கொடுமை. செத்த தங்கச்சி மேல் சத்தியமாக என்று சொல்ல வாயெடுத்தான், அந்தச் சத்தியம் இனி எங்கே செல்லும் என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டான். அவன் நிமிமேல் வைத்த பாசத்தைக் காட்டித்தான் தனபால் அவனைத் தள்ளி நிறுத்தியிருக்கிறான். இதற்கு எங்கே போய் நியாயம் கேட்பது?

மூப்பனிடம் போய்க் கேட்டான். காளிச்சாமி மூப்பன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "தொங்கறவன் உசுரு, அவஞ் சொல்றதுதாங் கணக்கு" என்றார். அப்புறம் மனசு கேட்காமல், "நீயும் வா. தேன் டின்ன இழுக்கறதுக்கு ஆளு வேணும்" என்றார். பொன்னாத்தாளுக்கு விஷயம் தெரிந்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்து, நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறானே இந்தத் தனபால், இவன் பிள்ளைக்கு இத்தனை நாள் தலை வாரிவிட்டதெல்லாம் இவனைக் கொல்லவா என்று கத்தினாள். நிமி காதில் விழப் போகிறது என்று வெள்ளிங்கிரி கையமர்த்தினான். நிமி அந்தப் பக்கம் நாய்க்குட்டியின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அங்க போக வேண்டாம். டின்னு தூக்கறதுக்கா போகோணும் நீங்க?" என்றாள் பொன்னாத்தாள்.

"போகலீன்னா அவஞ் சொன்னது நெசமின்னு ஆயிரும்" என்றான்.

தேனெடுக்கிற அன்றைக்கு வெயில் சாய்ந்த பிறகு புறப்பட்டார்கள். மூப்பன், தனபால், சந்துரு, டின்களைச் சுமந்துகொண்டு வெள்ளிங்கிரி. பாறைத் தலையில் எப்போதும் கட்டுகிற மரத்திலேயே ஏணியைக் கட்டினார்கள். சந்துரு சின்னப் பையன் இல்லை, பொள்ளாச்சியில் கயிற்று மில்லில் வேலை பார்த்தவன். முடிச்சை நன்றாகவே போட்டான். வெள்ளிங்கிரி தள்ளி நின்று கண்ணாலேயே அந்த முடிச்சைச் சோதித்தான், குறை ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாறை விளிம்பில் கொடி உரசாமல் இருக்க நனைத்த சாக்கை மடித்து வைத்தார்கள். தனபால் புகைப்பந்தத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிழக்கே பார்த்துக் கும்பிட்டான். விளிம்பில் காலை வைக்கும் முன் அவன் தலை பழக்கத்தில் கட்டின் பக்கம் திரும்பியது. அங்கே வெள்ளிங்கிரி இல்லை, சந்துரு இருந்தான். தனபால் இறங்கிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் புகை மேலே வந்தது, பின்னாலேயே தேனீக்களின் இரைச்சல். மூப்பன் புகைக்கு விலகிப் போய் இருமிக்கொண்டிருந்தார். வெள்ளிங்கிரி டின் இறக்குகிற பக்கம் விளிம்போரமாகக் குந்தியிருந்தான். சந்துரு உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து விளிம்பு தெரியாது. வெள்ளிங்கிரிக்குத் தெரியும். அதனால்தான் சாக்கு நழுவினது அவன் கண்ணில் மட்டும் பட்டது. தனபால் கீழே எதற்கோ பக்கவாட்டில் ஆடியிருக்க வேண்டும், கொடி நகர்ந்து, நனைந்த சாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, கொடி வெறும் பாறையில் உட்கார்ந்துவிட்டது. அங்கே பாறை அரிவாள் முனையாட்டம் இருக்கும். கொடி ஒரு இழுப்புக்கு இந்தப் பக்கம், ஒரு இழுப்புக்கு அந்தப் பக்கம் என்று அறுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு நார் தெறித்தது.

வாயைத் திறந்தால் போதும். சாக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நினைப்பு வந்தது. அதைக் கெட்ட நினைப்பு என்று அந்த நேரத்தில் அவனால் அடையாளம் காண முடியவில்லை, அதுதான் பிறகு அவனை உலுக்கியெடுத்தது. தனபால் விழுகிறதாக அவன் நினைக்கவில்லை. நிமி நடுவில் படுத்திருக்கிறாள். கூரையில் மழை பெய்கிறது. அவளை அழைத்துப்போக யாரும் வரப்போவதில்லை, நாளைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. அந்தப் படம் கண்முன்னே அவ்வளவு நிம்மதியாக வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அதற்கு மேல் இல்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது நார் தெறித்தது. வெள்ளிங்கிரி சாக்குப் பக்கமாகத் தாவினான். "சந்துரு, சாக்கு நழுவிருச்சு, நீ எந்திரிக்காத" என்று சொல்லிக்கொண்டே விளிம்பில் குப்புற விழுந்தான். ஒரு கையைக் கொடிக்கும் பாறைக்கும் நடுவில் திணித்துத் தூக்கினான், மறு கையால் சாக்கை இழுத்து உள்ளே தள்ளினான். புறங்கைத் தோல் உரிந்தது. கொடியில் தனபாலின் கனம் தெரிந்தது. அவன் கால் மாற்றி வைப்பது தெரிந்தது. பழைய மாதிரியே எல்லாம் தெரிந்தது. கீழே புகைக்குள் தனபாலின் தலை மட்டும் இருந்தது, அவன் மேலே பார்க்கவில்லை, அடையை அறுத்துக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் தனபால் ஏறி வந்துவிட்டான். முகத்தில் நாலைந்து இடத்தில் கொட்டு, மற்றபடி சேதாரம் இல்லை. மூப்பன் அவனிடம் நடந்ததைச் சொன்னார். "இவங் கண்ணுல மட்டும் படாமப் போயிருந்தா, அடேயப்பா, நெனச்சுப் பாக்க முடியாதுடா" என்று வெள்ளிங்கிரியின் தோளைத் தட்டினார்.  தனபால் கொடியில் அறுபட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மச்சானின் உரிந்த கையைப் பார்த்தான்.  இறங்கி வருகிற வழி முழுக்க வெள்ளிங்கிரி எல்லோருக்கும் பின்னால் வந்தான். தேன் டின் தோளில் அழுத்தியது, அதை ஒருதரம்கூட அவன் தோள் மாற்றவில்லை.

மறுநாள் காலையில் தனபால் வந்தான். கையில் தேக்கிலைப் பொட்டலம். தேனெடுத்தால் தேனீக் குஞ்சுப் புழுக்கள் நிறைந்த முதல் அடை கயிறு பிடித்தவனுக்கு, அது மரியாதை. மற்ற வீடுகளுக்கு வெறும் தேன்தான் போகும். அவன் அந்த அடையை வெள்ளிங்கிரி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். பொட்டலத்தை வாசல் கல்லில் பிரித்து வைத்துவிட்டு நின்றான். கொட்டு வாங்கின ஒரு கண் மூடிக் கிடந்தது.

"இது ஒனக்குத்தா சேரோணும்" என்றான். "அன்னிக்கு ஓடைக்கரையில நாம் பேசுனது தப்பு மச்சா. மனசுல வெச்சுக்காத. அடுத்த தேனுக்கு நீயே உக்காரு. நிமியும் இங்கயே இருக்கட்டும். நானும் காடு மேடுன்னு போறவன், அவளுக்கு அத்தை ஊடுதாஞ் செரி."

கதவோரம் நின்ற பொன்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். மாசாணியம்மா என்று ஊர்த் தெய்வத்தைக் கூப்பிட்டாளா, செத்த நாத்தனாரைக் கூப்பிட்டாளா தெரியவில்லை. இதற்குத்தானே அவள் தினமும் விளக்குப் போட்டாள்.

வெள்ளிங்கிரி ராத்திரி முழுக்க உறங்கியிருக்கவில்லை. நிமி வழக்கம்போல உதைத்தாள். அந்த உதை வலித்தது. பாறை விளிம்பில் அவனுக்கு வந்த அந்தப் படத்துக்குள் படுத்துக் கிடக்கிற மாதிரியே இருந்தது அவனுக்கு. இவள் வளர்வாள், இவளுடைய அப்பன் ஒவ்வொரு சித்திரையிலும் தொங்குவான், இவன் கட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நேற்று ஒரு மூச்சு. அடுத்த வருஷம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரியாது.

"வேண்டாம்" என்றான்.

"என்ன மச்சா?"

"சந்துருவே புடிக்கட்டும். நல்லாத்தாங் கட்டறான். நிமிய நீ கூட்டிட்டுப் போ."

பொன்னாத்தாள் அழுகையை விட்டுவிட்டு வெளியே வந்தாள். "என்னுங்க பேசறீங்க நீங்க? கிறுக்குப் புடிச்சுருச்சா? அவரே குடுக்கறாரு, நீங்க என்னமோ..." அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "புள்ளய எதுக்குங்க அனுப்பறீங்க? எங்கிட்டச் சொல்லுங்க, எதுக்கு?"

 இவளிடம் சொன்னால் மன்னித்துவிடுவாள். ஒரு மூச்சுதானே, அதற்குள் காப்பாற்றிவிட்டீர்களே என்பாள். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு பிள்ளையையும் வைத்துக்கொள்ள அவனுக்கு நெஞ்சு துணியவில்லை.

"நாஞ் சொன்னதத்தான மனசுல வெச்சிருக்கறே" என்றான் தனபால்.  "தப்புன்னு சொல்லிட்டனே மச்சா. நா அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"நீ சொன்னது தப்பில்ல" என்றான் வெள்ளிங்கிரி.

 தனபால் திறந்திருந்த ஒரு கண்ணால் மச்சானைப் பார்த்தான். வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொள்ளவில்லை, பார்க்கட்டும் என்று நின்றான்.  தனபால்தான் முதலில் முகத்தைத் திருப்பினான். அவனுக்குப் புரிந்ததா, புரிந்தது போதும் என்று விட்டுவிட்டானா, அது அவனுக்கே வெளிச்சம். மெல்ல, "அவ துணிமணிய எடுத்து வெய்யிங்கக்கா" என்றான்.

பொன்னாத்தாள் உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தமும், ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கிற சத்தமும், நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தன. பாவாடை ரெண்டு, ஸ்கூல் யூனிபார்ம், தீபாவளிக்கு எடுத்த ரோஸ் கவுன், அது இப்போதே முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

நிமி ஓடையில் முகம் கழுவிவிட்டு ஈரத் தலையோடு ஓடி வந்தாள். அப்பன் நிற்பதைப் பார்த்தாள், மாமன் நிற்பதைப் பார்த்தாள், வாசல் கல்லில் தேக்கிலையைப் பார்த்தாள். மற்ற இரண்டையும் விட்டுவிட்டாள். கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடையை ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்று, மெழுகை எட்டத் துப்பினாள். இன்னொரு விள்ளல். தனபால் தடத்தில் போய்த் திரும்பி நின்றுகொண்டான், அவசரம் இல்லை என்கிற மாதிரி. வீட்டுக்குள் துணி மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"புழு அடை" என்றாள் நிமி. அடையின் நடுவில், புழுக்கள் கொழுத்து வெள்ளையாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, இரண்டு கையாலும் பெரிசாகப் பிய்த்தாள். பதிப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிற துண்டு அது. எழுந்து வந்து மாமன் முன்னால் குதிகால் தூக்கி நின்று, அதை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"மாமா, ஆ காட்டு."

அவன் வாயைத் திறக்கவில்லை. தேன் அவள் விரல்களுக்கு நடுவில் இறங்கி, மணிக்கட்டில் சுற்றி, முழங்கை வரைக்கும் வழிந்து சொட்டியது. அவள் கையை எடுக்காமல் நின்றாள்.